ஒரு மாதிரி, இரண்டு எல்லைகள்: அயல்நாட்டு நோய்த்தடுப்புக்கு அரசு கொடுக்கும் பணம் எங்கே போய்ச் சேர வேண்டும்

கடலூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் விடாத காய்ச்சலோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரத்தமும் தொண்டைச் சளியும் எடுத்து அங்கேயே இருக்கும் வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். முடிவு புதுச்சேரியில் வருகிறது. நோய் தொற்றிய இடமோ கடலூர்ப் பக்கம். ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டி முள்ளோடைக்குள் நுழைந்தால் வேறு அரசு, வேறு சுகாதாரத் துறை, வேறு கண்காணிப்பு அலுவலகம். அந்த முடிவு புதுச்சேரிக் கண்காணிப்புப் பிரிவுக்குப் போய், சென்னைக்குத் தெரிந்து, கடலூர் மாவட்டக் கண்காணிப்பு அலுவலருக்கு வந்து, வட்டார மருத்துவ அலுவலர் வழியாகச் சுகாதார ஆய்வாளரின் கைப்பேசியை எட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தத் தெருவில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்று பார்க்க ஒருவர் வண்டியை எடுப்பார்.

இணையவழிப் பதிவு வந்தபின் இந்தப் பாதை முன்பைவிடப் பெரிதும் சுருங்கிவிட்டது. 2021 ஏப்ரலில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய ஐ.எச்.ஐ.பி. என்ற ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில் ஆய்வகம் பதியும் விவரம் மேலே உள்ளவர்களுக்கு உடனே தெரியும். இன்று சறுக்கும் இடம் பெரும்பாலும் முகவரிதான். நோயாளி புதுச்சேரி லாஸ்பேட்டையில் தங்கியிருக்கும் உறவினர் வீட்டு முகவரியைச் சொல்லியிருப்பார். கைப்பேசி எண் துணைக்கு வந்தவருடையதாக இருக்கும். அவர் மறுநாளே ஊருக்குப் போயிருப்பார். ஊர்ப் பெயர் "பெரியகுப்பம்" என்று மட்டும் இருக்கும்; அந்தப் பெயரில் கடற்கரையோரம் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. ஆய்வாளர் தேடி அலைந்து திரும்புவதற்குள் இரண்டு மூன்று நாள் போய்விடும். இதைத் தடுக்க மாதிரியோடு போகும் படிவத்தில் மூன்று விவரங்கள் சரியாக இருந்தால் போதும்: நோய் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரம் நோயாளி எங்கே இருந்தார், அந்த ஊர் எந்த ஊராட்சி, எந்த வட்டம், வீட்டில் இருக்கும் ஒருவரின் எண் எது. அந்த எண்ணுக்கு வார்டிலிருந்தே ஒருமுறை அழைத்துப் பார்த்துவிட வேண்டும்.

இதே இடைவெளி மூன்று நாடுகளுக்கு நடுவே விழுந்தபோது என்ன ஆயிற்று என்பதை மேற்கு ஆப்பிரிக்காவில் பார்த்தோம். கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றும் சந்திக்கும் காட்டுப்பகுதியில் மக்கள் ஒரே சந்தைக்கும் ஒரே சாவு வீட்டுக்கும் எல்லை தாண்டிப் போய்வருவார்கள். 2013 டிசம்பரில் கினியின் மெலியாண்டு கிராமத்தில் ஒரு குழந்தையிடம் தொடங்கியதாகக் கருதப்படும் எபோலா, 2014 மார்ச் பிற்பகுதியில்தான் ஆய்வகத்தில் உறுதியானது. ஏறத்தாழ மூன்று மாதம். அதற்குப் பின் சுமார் 28,600 பேருக்கு நோய், 11,300-க்கும் மேற்பட்ட சாவு. சிகிச்சை இல்லாததைவிட, முதல் சில வாரங்களில் பெயர் தெரியாமல் நோய் நடமாடியதுதான் அந்த எண்ணிக்கைக்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஓர் அரசு வேறொரு நாட்டின் நோய்த்தடுப்புக்குப் பணம் கொடுக்கிறது என்றால், நோய் தோன்றியதற்கும் அது தெரியவருவதற்கும் நடுவே கழியும் இந்த நாள்களை அந்தப் பணம் குறைக்கிறதா என்பதே நான் வைக்கும் அளவுகோல். எத்தனை கருவி போனது, எத்தனை கட்டடம் திறந்தது என்பதெல்லாம் அதற்குப் பின்தான்.

விதி என்ன சொல்கிறது

பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகள் 2005-இல் ஏற்கப்பட்டு 2007 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ளன. 196 நாடுகள் அதற்குக் கட்டுப்பட்டவையாக இருந்தன. ஒரு நிகழ்வைப் பற்றித் தெரிந்ததும் நாடு 48 மணி நேரத்துக்குள் அதை எடைபோட வேண்டும். அறிவிக்கத் தக்கது என்று முடிவானால் 24 மணி நேரத்துக்குள் உலகச் சுகாதார நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். எடைபோட நான்கு கேள்விகள்: பாதிப்பு கடுமையானதா, வழக்கத்துக்கு மாறானதா, நாடு தாண்டிப் பரவுமா, பயணத்துக்கோ வணிகத்துக்கோ தடை வருமா. நான்கில் இரண்டுக்கு "ஆம்" என்றால் அறிவித்தே ஆகவேண்டும். பெரியம்மை, காட்டு வகை போலியோ, மனிதருக்கு வரும் புது வகை இன்ஃப்ளுயன்சா, சார்ஸ் ஆகியவற்றுக்குக் கேள்வியே கிடையாது. ஒரே ஒருவருக்கு வந்தாலும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் இந்தப் பொறுப்பு டெல்லியில் உள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்துடையது.

2024 ஜூன் 1 அன்று ஏற்கப்பட்ட திருத்தங்கள் 2025 செப்டம்பர் 19 முதல் நடைமுறைக்கு வந்தன. "பெருந்தொற்று அவசரநிலை" என்ற புதுப் படி அதில் சேர்ந்தது. 2025 மே 20 அன்று பெருந்தொற்று உடன்படிக்கையும் ஏற்கப்பட்டது. கிருமி மாதிரிகளைக் கொடுக்கும் நாட்டுக்கு, அதிலிருந்து செய்யப்படும் தடுப்பூசியில் என்ன பங்கு என்ற சிக்கலான பகுதியை மட்டும் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டார்கள். ஏழை நாடுகளுக்கு அதுதான் உயிர்நாடி.

விதி நாடுகளுக்குக் கடமை வைக்கிறது. கடமையைச் செய்யும் திறன் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் கூட்டுப் புறமதிப்பீடு என்ற முறை. வெளியிலிருந்து ஒரு குழு வந்து, நாட்டு அலுவலர்களோடு உட்கார்ந்து, 19 துறைகளில் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும். உதவி கொடுக்கும் அரசுகள் பெரும்பாலும் இந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் திட்டம் போடுகின்றன. பயனுள்ள முறைதான், ஆனால் அது இருப்பை அளக்கிறது, ஓட்டத்தை அளப்பதில்லை. ஆய்வகம் இருக்கிறதா என்ற கேள்விக்கு மதிப்பெண் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை எடுத்த மாதிரி அங்கே எப்போது போய்ச் சேர்ந்தது என்பது அதில் தெரியாது.

அதனால் 7-1-7 என்ற கணக்கு எனக்குப் பிடிக்கும். நோய் தோன்றியதிலிருந்து 7 நாளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும், கண்டதும் 1 நாளுக்குள் மேலே சொல்ல வேண்டும், அடுத்த 7 நாளுக்குள் முதற்கட்டத் தடுப்பு வேலைகள் முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சிறு பரவலுக்கும் மூன்று தேதிகளை எழுதி, எது தவறியது, ஏன் தவறியது என்று ஒரே வரியில் குறித்தால் போதும். பத்துப் பரவல்களுக்கு எழுதிப் பார்த்தால் பணம் எங்கே தேவை என்பது தாளிலேயே தெரிந்துவிடும். மாவட்ட அளவிலும் இதைச் செய்யலாம்; காரைக்காலில் 2022 ஜூலையில் வாந்தி பேதி பரவிப் பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்களே, அதுபோன்ற நிகழ்வுக்கு இந்த மூன்று தேதிகள் நல்ல பாடம் தரும்.

நாம் வாங்கியதும் அது நிலைத்ததும்

இன்று நம் மாவட்டங்களில் ஓடிக்கொண்டிருக்கும் கண்காணிப்பு முறையே வெளிப்பணத்தில் தொடங்கியதுதான் என்பது பலருக்குத் தெரியாது. ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004 நவம்பரில் உலக வங்கிக் கடனுதவியோடு ஆரம்பமானது. முதல் கட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. துணை சுகாதார நிலையத்திலிருந்து அறிகுறிப் படிவம், மருத்துவரிடமிருந்து ஊகப் படிவம், ஆய்வகத்திலிருந்து உறுதிப் படிவம் என மூன்று வகைப் படிவங்கள் வாரந்தோறும் திங்கள் முதல் ஞாயிறு வரைக்கான கணக்கோடு மேலே போயின. 2012-க்குப் பிறகு செலவு முழுவதும் உள்நாட்டுக் கணக்குக்கு வந்துவிட்டது. கடன் நின்றது, வேலை நிற்கவில்லை. மாவட்டத்துக்கு ஒரு தொற்றுநோயியலாளர், ஒரு தரவு மேலாளர், ஒரு தரவு உள்ளீட்டாளர் என்று பதவிகளாகவே திட்டத்தை எழுதியிருந்ததால், பின்னால் அந்தப் பதவிகளை வரவு செலவுக் கணக்கில் ஏற்றுவது முடிந்தது. தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகமும் 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்கெனவே இருந்ததும் பெரிய பலம். தாங்கிக்கொள்ள அடித்தளம் உள்ள இடத்தில் கொடுத்த பணம் வேர் பிடிக்கும்.

போலியோ ஒழிப்பும் அப்படித்தான். கால் துவண்ட குழந்தை ஒன்று வந்தால் நோய் தொடங்கிய 14 நாளுக்குள் இரண்டு முறை மலம் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 24 மணி நேரம். ஒவ்வொன்றும் சுமார் 8 கிராம், அதாவது பெரியவரின் கட்டைவிரல் அளவு. 2 முதல் 8 டிகிரி குளிரில், 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். பெட்டியைத் திறக்கும்போது உள்ளே ஐஸ் கரையாமல் இருக்க வேண்டும். 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 2 பேராவது போலியோ அல்லாத காரணத்தால் இப்படி வருவார்கள் என்பது எதிர்பார்ப்பு. கடலூர் மாவட்ட மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 26 லட்சம். அதில் ஏறக்குறைய கால் பங்கு சிறார் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 13 குழந்தைகளாவது கணக்கில் வரவேண்டும். யாரும் வரவில்லை என்றால் மாவட்டம் நலமாக இருக்கிறது என்று பொருளில்லை. கண்காணிப்பு தூங்குகிறது என்று பொருள். 2011 ஜனவரியில் ஹவுராவில் வந்த கடைசி போலியோ நோயாளிக்குப் பிறகும் இந்தக் கணக்கை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

போலியோவுக்காகக் கட்டியது எபோலாவுக்கு எப்படி உதவியது என்பதற்கு நைஜீரியா சாட்சி. 2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து லாகோஸ் விமான நிலையத்துக்கு நோயோடு ஒருவர் வந்து இறங்கினார். இரண்டு கோடி பேர் நெருங்கி வாழும் மாநகரம். போலியோ பணிக்கு என்று ஏற்கெனவே இயங்கிய அவசரகாலச் செயல்பாட்டு முறையையும் அதில் பழகிய ஆட்களையும் அப்படியே எபோலா பக்கம் திருப்பினார்கள். தொடர்பில் இருந்தவர்கள் சுமார் 900 பேர். ஒவ்வொருவரையும் 21 நாள், நாள்தோறும் நேரில் போய்ப் பார்த்து வெப்பம் அளக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 18,900 வீட்டு வருகை. அவர்கள் உண்மையில் செய்தது 18,000-க்கு மேல். மொத்தம் 20 பேருக்கு நோய், 8 சாவு, அக்டோபர் 20 அன்று நாடு எபோலா நீங்கியதாக அறிவிப்பு. அந்த ஆயிரக்கணக்கான வருகைகளுக்குத் தேவைப்பட்டவை கால்கள், பெட்ரோல், வெப்பமானி, ஒரு பட்டியல். இவற்றுக்கு நெருக்கடி வந்தபின் டெண்டர் விட்டு ஆள் எடுக்க முடியாது.

நம் நாட்டிலேயே நிபாவை எடுத்துக்கொள்ளலாம். 2001-இல் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலோருக்கு மருத்துவமனையிலேயே தொற்றியது. அது நிபா என்பது பழைய மாதிரிகளைப் பிற்பாடு ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது. 2018 மே மாதம் கோழிக்கோடு பேராம்பிராவில் ஒரே குடும்பத்தில் இரண்டாமவர் நோயில் விழுந்ததுமே மருத்துவர்கள் சந்தேகப்பட்டு மாதிரி அனுப்பினார்கள். மணிப்பால் வைரஸ் ஆய்வகம் கண்டது, புனே தேசிய வைராலஜி நிறுவனம் மே 20 அன்று உறுதி செய்தது. மணிப்பால் ஆய்வகம் அப்போது பல மாநிலங்களில் காய்ச்சல் கண்காணிப்பு ஆய்வொன்றை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மைய நிதியில் நடத்திக்கொண்டிருந்தது. நாள்தோறும் சாதாரணக் காய்ச்சல் மாதிரிகளை ஓட்டிப் பழகிய கை, அசாதாரணம் வந்தபோது தடுமாறவில்லை. அயலுதவி சரியாகப் போய்ச் சேர்ந்த இடத்துக்கு இதைவிடத் தெளிவான இந்திய உதாரணம் எனக்குத் தெரியாது.

பணம் வீணாகும் இடங்கள்

ஏழை நாட்டு மருத்துவமனைகளில் உள்ள கருவிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் இயங்காமல் கிடக்கின்றன என்று 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. காரணங்கள் எங்கும் ஒன்றுபோலத்தான். பி.சி.ஆர். இயந்திரம் வாங்கப் பணம் கிடைக்கும். ஆண்டுப் பராமரிப்புக்கு விலையில் 5 முதல் 10 சதவீதம் என்று யாரும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். ரீஏஜென்ட் என்ற சோதனை வேதிப்பொருள் மைனஸ் 20 டிகிரியில் இருக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்காது. கிருமி வெளியே வராமல் காக்கும் உயிரிப்பாதுகாப்புப் பெட்டியை ஆண்டுக்கொரு முறை காற்றோட்டம் அளந்து சான்று செய்ய வேண்டும். அந்த வேலை தெரிந்தவர் நாட்டிலேயே இல்லையென்றால் அந்தப் பெட்டி முன்னே உட்காருகிறவருக்குப் பாதுகாப்பு என்ற எண்ணம் மட்டுமே மிஞ்சும், பாதுகாப்பு இருக்காது. மரபணு வரிசை படிக்கும் கையடக்கக் கருவிகள் 2015-இல் கினியில் எபோலாவுக்கு அருமையாகப் பயன்பட்டன, உண்மைதான். ஆனால் அவற்றில் மாதிரியை ஏற்றும் தகடான ஃப்ளோசெல் குளிர்பெட்டியில் 12 வாரம்தான் தாங்கும். சுங்கத்தில் ஆறு வாரம் கிடந்தால் பாதி ஆயுள் அங்கேயே முடிந்துவிடும்.

ஆக்சிஜன் கருவிகளை நம் ஊரே பார்த்தது. 2021 கோவிட் இரண்டாம் அலையில் பிரான்ஸ், பிரிட்டன் உள்ளிட்ட பல நாடுகள் இந்தியாவுக்கு உற்பத்திக் கருவிகளும் செறிவூட்டிகளும் அனுப்பின. உயிர் காத்த உதவி. அந்த வகைக் கருவிகளை இன்னொரு நாட்டுக்கு அனுப்பும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த செறிவூட்டியை நம் 230 வோல்ட் சுவரில் செருகினால் கருகும். மின்மாற்றி வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது; 50 ஹெர்ட்ஸில் கம்ப்ரசர் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும், காற்றின் அளவும் தூய்மையும் குறையும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் பெரிய பி.எஸ்.ஏ. நிலையங்களில் நைட்ரஜனை உறிஞ்சுவது சியோலைட் மணிகள். அவற்றின் முதல் எதிரி ஈரம். கடலூர், காரைக்கால் போன்ற கடற்கரையில் காற்று உலர்த்தி ஒரு வாரம் பழுதானாலே மணிகள் தண்ணீரைக் குடித்து, பிறகு நைட்ரஜனைப் பிடிக்காது. வெளிவரும் ஆக்சிஜன் 90 முதல் 96 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று நாள்தோறும் மீட்டரில் பார்த்துக் குறிக்க வேண்டும். உலர்த்தியின் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பசிபிக் தீவுகளுக்கோ மாலத்தீவுக்கோ இவற்றை அனுப்பினால் உதிரி உலர்த்தி ஒன்றும், இதைச் சொல்லித்தரும் ஓர் ஆளும் கூடவே போக வேண்டும்.

தடுப்பூசியில் காலாவதிதான் பெரும் பிழை. கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பழைய வழிகாட்டுதல். 2021 மார்ச் இறுதியில் மலாவிக்குப் போன ஒரு கோவிட் தடுப்பூசித் தொகுதிக்கு மூன்று வாரம்கூட மிச்சம் இல்லை. கிட்டத்தட்ட 20,000 டோஸ் அங்கே எரிக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் நைஜீரியா பத்து லட்சத்துக்கும் மேலான டோஸ்களை அழித்தது. இரண்டு நாடுகளிலும் மக்களுக்குத் தடுப்பூசிமேல் இருந்த சந்தேகம் கூடிப்போனது. கொடுத்தவர் கணக்கில் அது உதவி. வாங்கிய ஊரில் நம்பிக்கைக் குறைவு.

மாதிரி அனுப்புவது சின்ன வேலையாகத் தோன்றும், ஆனால் மொத்த முறையும் அதில் தொங்குகிறது. மூன்றடுக்குக் கட்டு: கசியாத முதல் குழாய், அதைச் சுற்றி முழுத் திரவத்தையும் உறிஞ்சும் அளவு பஞ்சு, 95 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டைத் தாங்கும் இரண்டாம் உறை, வெளியே உறுதியான பெட்டி. வழக்கமான நோய் மாதிரிக்கு யு.என். 3373 என்ற அடையாளச் சீட்டு. பெட்டி 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக்கூடாது. படிவத்தை இரண்டாம் உறைக்கு வெளியே, பெட்டிக்கு உள்ளே வைக்க வேண்டும். குழாயோடு சேர்த்து வைத்தால் கசிவில் நனைந்து பெயர் அழியும். உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்தால் பெட்டியைக் காற்றுப்போகாமல் ஒட்டக்கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். தொண்டைச் சளியை மூன்று நாளுக்குள் சேர்க்க முடிந்தால் 2 முதல் 8 டிகிரியே போதும்; முடியாவிட்டால் மைனஸ் 70. நடுவில் மைனஸ் 20-இல் வைத்து உருக்கி மறுபடி உறைய வைப்பதுதான் பலர் செய்வது, வைரஸுக்கு அதுதான் மிகக் கெடுதல்.

உகாண்டா இதை நன்றாகச் செய்தது. எச்.ஐ.வி. தாய்மாரின் குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய அமெரிக்க நிதியில் மோட்டார் சைக்கிள் அஞ்சல் வலை ஒன்றைக் கட்டினார்கள். ஒவ்வொரு மையத்திலும் ஒரு வண்டி, ஓர் ஓட்டுநர், வாரத்தில் நிர்ணயித்த நாளில் நிர்ணயித்த ஊர்கள். ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் அதே வலையில் மாதிரி என்டெபி ஆய்வகத்துக்குப் போகிறது. தினமும் ஓடும் வண்டிதான் அவசரத்தில் கிளம்பும்.

ஆளும் சம்பளமும்

2 லட்சம் மக்களுக்குப் பயிற்சி பெற்ற ஒரு களத் தொற்றுநோயியலாளர் என்பது உலக அளவுகோல். அப்படிப் பார்த்தால் கடலூர் மாவட்டத்துக்கு 13 பேர், 2011-இல் 12.5 லட்சம் மக்கள் இருந்த புதுச்சேரிக்கு 6 பேர். பயிற்சி மூன்று படியில் உண்டு: களப்பணியாளருக்கு மூன்று மாதம், நடுநிலைக்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு, மேல்நிலைக்கு இரண்டாண்டு. சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் இரண்டாண்டுப் பயிற்சி தருகிறது. அயல்நாட்டு உதவியில் மூன்று மாதப் படியை நிறையக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாண்டு படித்தவர் தலைநகரிலோ பன்னாட்டு அமைப்பிலோ போய் உட்காருவார், அது இயல்பு. சந்தேகப்படும் முதல் ஆள் எப்போதும் சின்ன ஊரில்தான் இருப்பார்.

2015-இல் தென்கொரியாவில் நடந்தது இதற்கு எதிர்ச்சாட்சி. வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரே ஒருவர் பல மருத்துவமனைகளுக்குப் போனார். அவர் நாடு திரும்பியதிலிருந்து, நோய் மெர்ஸ் என்ற கடும் மூச்சுத்தொற்று என்று உறுதியாக இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் 186 பேருக்கு நோய், 38 சாவு. உலகத் தரமான ஆய்வகங்கள் உள்ள நாடு. பயணம் பற்றிய கேள்வி சரியாக விழவில்லை. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, சிதம்பரம் சுற்று வட்டாரத்தில் வளைகுடாவுக்குப் போகாத தெரு குறைவு. இங்குள்ள ஒவ்வொரு வெளிநோயாளிச் சீட்டிலும் "கடந்த 14 நாளில் எங்கே இருந்தீர்கள்" என்ற வரி அச்சாகியே இருக்க வேண்டும்.

இப்போது பணம் சுருங்கும் காலம். அமெரிக்கா 2025 ஜனவரி 20 அன்று உலகச் சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் ஆணையைப் போட்டது. அந்த நாட்டின் வெளிநாட்டு உதவி முகமை அதே ஆண்டு ஜூலையில் கலைந்து வெளியுறவுத் துறைக்குள் போனது. பிரிட்டன், மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கண்காணிக்க 2015 முதல் நடத்திவந்த ஃபிளெமிங் நிதியை நிறுத்துவதாக 2025-இல் சொன்னது. உலகத் தட்டம்மை, ரூபெல்லா ஆய்வக வலையில் 700-க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் உண்டு. அதன் உலக அளவு ஒருங்கிணைப்பு முழுக்க அமெரிக்காவின் ஆண்டுக்கு சுமார் 80 லட்சம் டாலரில் ஓடியது. இவ்வளவு பெரிய வலை ஒரே கொடையாளியின் ஒரே வரியில் தொங்கிக்கொண்டிருந்தது கவலைப்பட வேண்டிய விஷயம். உலக வங்கியில் 2022 செப்டம்பரில் தொடங்கிய பெருந்தொற்று நிதியம் இதற்கு ஓரளவு மாற்று. கால்நடை நோய்க் கண்காணிப்புக்காக இந்தியாவுக்கே அதிலிருந்து 2.5 கோடி டாலர் வந்திருக்கிறது. பல நாடுகள் பணம் போடும் பொதுப் பானை என்பதால் ஒருவர் விலகினால் அடுப்பு அணையாது.

இந்தியா கொடுக்கும் கையாக

2021 ஜனவரி 20 அன்று பூட்டானுக்கும் மாலத்தீவுக்கும் முதல் கோவிட் தடுப்பூசி விமானங்கள் போயின. இரண்டு மூன்று மாதத்தில் நம் நாட்டிலேயே இரண்டாம் அலை எழுந்ததும் ஏற்றுமதி நின்றது. அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. நம் நாட்டில் மக்கள் ஆக்சிஜனுக்குத் தவித்த அந்த வாரங்களில் வேறு வழி இருந்திருக்காது. ஆனாலும் முதல் டோஸ் போட்டுவிட்டு இரண்டாவதற்குக் காத்திருந்த ஆப்பிரிக்க நாடுகள் பட்ட பாடு உண்மை. பொருளாகக் கொடுக்கும் உதவி, கொடுப்பவர் வீட்டில் தீப்பிடித்தால் முதலில் நிற்கும். தெரிந்த வேலையைச் சொல்லிக்கொடுத்திருந்தால் அது அங்கேயே இருக்கும்.

அதைச் செய்ய நம்மிடம் இடம் இருக்கிறது. 1964-இல் தொடங்கிய ஐடெக் திட்டத்தின் கீழ் நட்பு நாட்டு அலுவலர்களுக்கு இந்திய அரசு பயணமும் தங்குமிடமும் கொடுத்துப் பயிற்சி தருகிறது. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் யானைக்கால் நோய், கொசு ஒழிப்பு இரண்டிலும் உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கும் மையம். கொசுப்புழுவைக் கொல்லும் பி-17 பாக்டீரியா அங்கே வந்தது. டெங்கு வைரஸைப் பெருகவிடாத வோல்பாக்கியா பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸ் கொசுக்களையும் 2022-இல் அறிவித்தார்கள். சிக்குன்குனியா, சிகா, மஞ்சள் காய்ச்சல் எல்லாம் ஏடிஸ் வழியே வருபவை. அடுத்த பெருந்தொற்று மூக்கு வழியாகத்தான் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பூச்சியியல் தெரிந்த அலுவலர் இல்லாத நாடுகள் நிறைய. ஆறு வாரப் பயிற்சி ஒன்றை இங்கே நடத்தலாம்.

அதில் பூச்சிக்கொல்லி எதிர்ப்புச் சோதனைக்கு இரண்டு வாரம் ஒதுக்க வேண்டும். உதவி என்ற பெயரில் டன் கணக்கில் கொசு மருந்து போகும். அங்குள்ள கொசு அதற்குப் பழகிப்போயிருக்கும். சோதனை கடினமில்லை. 3 முதல் 5 நாள் வயதுள்ள, ரத்தம் குடிக்காத பெண் கொசுக்கள், குழாய்க்கு 25 வீதம் நான்கு குழாய். மருந்தில்லாத தாள் வைத்த இரண்டு குழாய் ஒப்பீட்டுக்கு. ஒரு மணி நேரம் மருந்து பூசிய தாளோடு வைத்து, வேறு குழாய்க்கு மாற்றி, சர்க்கரைக் கரைசல் கொடுத்து, 24 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். 98 சதவீதமும் அதற்கு மேலும் செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90-க்குக் கீழே என்றால் எதிர்ப்பு வந்துவிட்டது. நடுவில் இருந்தால் மறுபடி செய்ய வேண்டும். ஒப்பீட்டுக் குழாயிலேயே 20 சதவீதத்துக்கு மேல் செத்தால் முழுச் சோதனையும் செல்லாது. அங்கே பெரும்பாலும் கெடுப்பது அறை வெப்பமும் ஈரப்பதமும்தான். 25 முதல் 29 டிகிரிக்குள், ஈரத்துணி போர்த்தி வைக்க வேண்டும்.

பயிற்சி முடித்து ஊர் திரும்பும் ஒவ்வொருவரோடும் சோதனைக் குழாய்ப் பெட்டி ஒன்றையும், இரண்டாண்டுக்கு வேண்டிய மருந்துத் தாளைக் காலாவதிக்கு ஏற்ப ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து அனுப்பும் ஏற்பாட்டையும் அரசு கொடுக்க வேண்டும். அவர் அங்கே செய்யும் முதல் மூன்று சோதனைகளின் கணக்குத் தாள் புதுச்சேரிக்கு வந்து, பிழை இருந்தால் திருத்தி ஒரு வாரத்துக்குள் பதில் போக வேண்டும். அந்தப் பதிலை எழுதுவதற்கென்று ஒரு பதவியும் அதற்கான சம்பளமும் பயிற்சியின் நிதி ஒதுக்கீட்டிலேயே முதல் வரியாக இருக்க வேண்டும்.